ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ்ல சின்ன வண்டிகளுக்கு பேஸ்ல சார்ஜ் ஏத்துறது எப்பிடி

ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ் விளையாடத் தொடங்கின ஆக்கள் கொஞ்ச நாளுக்குள்ள வந்து கேக்கிற கேள்வி ரெண்டு. ஒண்டு, "ரோவர (சில்லு வண்டிய) பேஸுக்குப் பக்கத்தில கொண்டுவந்து நிப்பாட்டிட்டன், பேஸ்ல காத்தாடி சுத்துது, பெற்றரி இருக்கு, ஆனா ரோவர்ல சார்ஜ் ஏறவே இல்ல, ஏன்?" மற்றது, "கனெக்டர்ல பூட்டித்தான் வச்சன், திரும்பி வந்து பாத்தா முந்தி இருந்ததவிடக் குறைஞ்சு கிடக்கு, இது என்ன கேம்ட பிழையா?" பிழை இல்ல. இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில தான் இருக்கு, அத ஒருக்கா விளங்கிட்டா பிறகு எந்த வண்டி கட்டினாலும் சார்ஜ் பற்றி யோசிக்கவே தேவையில்ல.

திருகோணமலைல நாங்க கொஞ்சப் பேர் பின்னேரங்கள்ல ஒரே சேர்வர்ல விளையாடுறம். பேஸுக்கு உப்புவெளி எண்டு பேர், மண் அள்ளுற வண்டிக்கு கிண்ணியா எண்டு பேர், இப்பிடி எல்லாத்துக்கும் நம்மட ஊர்ப் பேர் தான். புதுசா வாற தம்பி தங்கச்சிமார் எல்லாரும் கட்டுற வேலைய டக்கெண்டு பிடிச்சிடுறாங்க, ஆனா கரண்ட் விஷயத்தில வந்து நிண்டுடுறாங்க. இத்தனைக்கும் 2022 மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதப் பாத்த பிள்ளைகள், யூபிஎஸ், இன்வேர்ட்டர், சோலார் எல்லாம் வீட்டில கேட்டு வளந்த ஆக்கள். அவங்களுக்கு இது விளங்காம இருக்கிறதுக்குக் காரணம் கேம் இதத் தெளிவாச் சொல்லித் தராதது தான் எண்டு நான் நினைக்கிறன், அதனால இங்க ஆறுதலா எழுதுறன்.

முதல்ல கேமப் பற்றி ரெண்டு வரி. இது பிளாக் அடுக்கி பேஸும் வண்டியும் கட்டுற கேம், கீன் சொப்ட்வெயார் ஹவுஸ் செய்தது, 2013ல ஸ்டீம்ல ஏர்லி அக்சஸா (முழுசா முடிக்க முதலே விளையாட விடுறது) வந்து 2019 பெப்ரவரில முழுசா வெளிவந்தது. இப்ப ரெண்டாம் பாகமும் ஏர்லி அக்சஸ்ல இருக்கு, ஆனா நான் சொல்லுறது எல்லாம் முதல் பாகத்தப் பற்றி.

இதில கட்டுற எல்லாமே கிரிட் எண்ட கணக்கில தான் இருக்கும், கிரிட் எண்டா ஒண்டோடொண்டு ஒட்டிக் கட்டின பிளாக் எல்லாம் சேந்த ஒரு தொகுதி. பெரிய கிரிட்ல ஒரு பிளாக் 2.5 மீட்டர், சின்ன கிரிட்ல 0.5 மீட்டர். பேஸ் வழமையா பெரிய கிரிட், ரோவர், சின்ன ட்ரில் வண்டி, பறக்கிற மைனர் எல்லாம் பெரும்பாலும் சின்ன கிரிட். ஒவ்வொரு கிரிட்டுக்கும் கரண்ட் தனித்தனி. பேஸ்ல எவ்வளவு கரண்ட் இருந்தாலும் அது பேஸோட மட்டும் தான், ரோவர அதுக்கு மேலேயே கொண்டுபோய் ஏத்தி நிப்பாட்டினாலும் ஒரு துளி கூட இந்தப் பக்கம் வராது. ரெண்டையும் இணைக்கிற ஒரு பிளாக் வேணும், அந்தப் பிளாக் தான் கனெக்டர்.

லேண்டிங் கியர் போட்டுப் பூட்டினாக் காணாதா எண்டு கேக்கிறாங்க. காணாது. மூதூர் போட் வந்து ஜெட்டில கயித்தால கட்டி நிக்கிற மாதிரி தான் லேண்டிங் கியர், வண்டி அசையாம நிக்கும், அவ்வளவு தான், கயித்துக்குள்ளால எண்ணெய் வராது. கனெக்டர் கயிறும் குழாயும் சேந்தது. பிடிச்சும் வைக்கும், கரண்டும் போகும், ரெண்டு பக்கமும் கன்வேயர் (சாமான் போற குழாய்) ஒழுங்கா இருந்தா சாமான், ஹைட்ரஜன், ஒக்சிஜன் எல்லாம் அதாலேயே போகும்.

கனெக்டர் பூட்டுறது எப்பிடி எண்டா, பேஸ்ல ஒண்டு, வண்டில ஒண்டு, ரெண்டும் முகத்துக்கு முகம் பாத்தபடி கிட்ட வரணும். கிட்ட வந்ததும் அதில இருக்கிற லைட் மஞ்சளாகும், மஞ்சள் வந்தா பூட்டலாம் எண்டு அர்த்தம், அப்ப கொக்பிட்ல இருந்தபடி பி கீய அமத்தினா பச்சையாகும். பச்சை வராம இறங்கிப் போகாதீங்க. மஞ்சளோட விட்டுட்டு இறங்கிப் போய் ஒரு ராவு முழுக்க சார்ஜ் ஏறும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்த ஆக்கள் எங்கட சேர்வர்லயே இருக்கிறாங்க.

பறக்கிற வண்டிக்கு இது லேசு, ஏனெண்டா மேல கீழ எப்பிடியும் சரிக்கட்டலாம். ரோவர் தான் கஷ்டம். ரோவர்ட பின்பக்கத்தில கனெக்டர் வச்சு, பேஸ்ட சுவர்ல அதே உயரத்தில ஒரு கனெக்டர் வச்சு, நல்லா அளந்து கட்டி முதல் தரம் பூட்டினா அழகாப் பூட்டும். பிறகு போய் கார்கோ நிறைய இரும்புத் தாது ஏத்திக்கொண்டு வந்தா பாரத்தில சில்லுட சஸ்பென்ஷன் அமுங்கி வண்டி பதிஞ்சிருக்கும், கனெக்டர் கொஞ்சம் கீழ போயிருக்கும், மஞ்சள் வராது. பேஸ்ட கனெக்டர ஒரு பிஸ்டன்ட நுனில போட்டு விட்டீங்கண்டா பிரச்சின முடிஞ்சுது. வண்டிய நிப்பாட்டிட்டு பிஸ்டன மெதுவா இறக்கி அல்லது ஏத்திக் கொண்டுவந்து பூட்டலாம். பிஸ்டன் கட்ட இன்னும் சாமான் சேரல்ல எண்டா சில்லுட செட்டிங்ல இருக்கிற ஹைட் ஒஃப்செட்ட மாத்தி வண்டிய உயத்தலாம், அது சாமான் செலவில்லாத வழி, எனக்கு அது தான் விருப்பம் கூட. இன்னொரு வழி கனெக்டர வண்டிட அடிவயித்தில கீழ பாத்து வச்சு, பேஸ்ல நிலத்தோட நிலமா மேல பாத்த கனெக்டர் ஒண்டு வச்சு, அதுக்கு மேல ஓட்டிக் கொண்டுவந்து நிப்பாட்டுறது. அப்ப முன்ன பின்ன பாத்து நிப்பாட்டினா போதும், பாரம் கூடினா கனெக்டர் இன்னும் கிட்ட தான் வரும், ஆனா வெறும் வண்டியா வரேக்க மஞ்சள் வருதா எண்டு ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க.

சின்ன எச்சரிக்கை ரெண்டு. இஜெக்டர் எண்டு ஒரு பிளாக் இருக்கு, பாக்க குட்டி கனெக்டர் மாதிரியே இருக்கும், அது பூட்டாது, சாமான வெளிய எறியிறதுக்குத் தான். மற்றது கனெக்டர்ட செட்டிங்ல த்ரோ அவுட் எண்டு ஒண்டு இருக்கு, அது ஓனா இருந்தா பூட்டாம இருக்கிற நேரம் உள்ள இருக்கிற சாமான வெளிய தள்ளிக்கொண்டே இருக்கும். ஓஃப்ல வச்சிருங்க.

சரி, இப்ப பச்சை வந்திட்டு. இந்த இடத்தில தான் பெரும்பாலான ஆக்கள் பிழையா விளங்கி வச்சிருக்கிறாங்க. பூட்டினதும் பேஸ் கரண்ட் குடுக்கிற ஆள், வண்டி வாங்கிற ஆள் எண்டு நினைக்கிறாங்க. கேமுக்கு அப்பிடி ஒரு வித்தியாசமும் இல்ல. பூட்டின அந்த நிமிஷமே ரெண்டு கிரிட்டும் கரண்டைப் பொறுத்தவரை ஒரே வயரிங் ஆகுது. பேஸ்ட காத்தாடி, பேஸ்ட பெற்றரி, வண்டிட பெற்றரி எல்லாம் ஒரே குடும்பம். ஆர்ட பெற்றரி எண்டு அது பாக்காது, மொத்தமா எவ்வளவு கரண்ட் வேணும், மொத்தமா எவ்வளவு வருது எண்டு தான் பாக்கும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, பேஸ்ல ஒரு ரிஃபைனரி (தாதுவ உருக்கிற பிளாக்) ஓடுது. அது வேலை செய்யேக்க 560 கிலோவாட் இழுக்கும். நீங்க ஒரே ஒரு விண்ட் டர்பைன் (காத்தாடி) தான் வச்சிருக்கிறீங்க, அது எவ்வளவு நல்ல இடத்தில இருந்தாலும் வழமையான காத்தில ஆகக்கூடினது 400 கிலோவாட் தான் தரும். குறையிற 160 கிலோவாட் எங்க இருந்து வரும்? பெற்றரில இருந்து. எந்தப் பெற்றரி? ஓட்டோ மோட்ல இருக்கிற எல்லாம், உங்கட ரோவர்ட பெற்றரியும் சேத்துத் தான். நீங்க சார்ஜ் ஏறட்டும் எண்டு பூட்டிட்டுப் போயிட்டீங்க, ரோவர் அங்க நிண்டுகொண்டு ரிஃபைனரிக்குச் சாப்பாடு குடுக்குது. குறைஞ்சு கிடந்தது அதால தான்.

இத மாத்துறதுக்குத் தான் பெற்றரிட மோட். கே கீய அமத்தி கொன்ட்ரோல் பேனலத் திறந்து பெற்றரியத் தெரிவு செய்தா சார்ஜ் மோட் எண்டு ஒரு இடத்தில ஓட்டோ, ரீசார்ஜ், டிஸ்சார்ஜ் எண்டு மூண்டு இருக்கும். ஓட்டோ எண்டா தேவைக்கேற்ப குடுக்கும், மிச்சம் இருந்தா வாங்கும். ரீசார்ஜ் எண்டா வாங்க மட்டும் தான் செய்யும், ஆருக்கும் ஒண்டும் குடுக்காது. டிஸ்சார்ஜ் எண்டா குடுக்க மட்டும் செய்யும். ஆக வண்டிட பெற்றரிய ரீசார்ஜ்ல போடுங்க, பேஸ்ட பெற்றரிய ஓட்டோல விடுங்க. இப்ப தான் கரண்ட் எந்தப் பக்கம் போகணும் எண்டு நீங்க சொல்லியிருக்கிறீங்க.

சரியா ஏறுதா எண்டு ஊகிக்கத் தேவையில்ல, அதே பேனல்ட வலது பக்கத்தில எழுதியிருக்கும். கரண்ட் இன்புட் எண்டு ஒரு வரி, கரண்ட் அவுட்புட் எண்டு ஒரு வரி, கடைசில இன்னும் எவ்வளவு நேரத்தில நிறையும் எண்டு ஒரு வரி. இன்புட் சைபர் எண்டு கிடந்தா பூட்டல்ல, அல்லது பேஸ்ல கரண்டே இல்ல. இன்புட்ல ஏதோ இருந்து நேரம் பத்து மணித்தியாலம், ஒரு நாள் எண்டு காட்டினா பூட்டு சரி, மோட் சரி, கரண்ட் தான் காணாது. இந்த வரிகளப் பாத்துப் பழகினா ஆரிட்டயும் போய்க் கேக்கத் தேவையில்ல, உங்கட பிரச்சின எது எண்டு அதுவே சொல்லும்.

ஒவ்வொரு தரமும் பேனலத் திறந்து ஒவ்வொரு பெற்றரியா மாத்துறது அலுப்பு. வண்டிட பெற்றரி எல்லாத்தையும் தெரிவு செய்து ஒரு குரூப்பா சேவ் பண்ணுங்க, "கிண்ணியா பெற்றரி" எண்டு ஏதாவது பேர் போடுங்க. கொக்பிட்ல இருந்தபடி ஜி கீய அமத்தி அந்த குரூப்ப கீழ இருக்கிற டூல்பார்ல இழுத்து விட்டு ரீசார்ஜ் ஓன்/ஓஃப் எண்ட அக்ஷனத் தெரிவு செய்யுங்க. பிறகு வந்து பூட்டினதும் ஒரு நம்பர அமத்தினா எல்லாம் ரீசார்ஜ், போகேக்க திரும்ப அமத்தினா எல்லாம் ஓட்டோ. சேர்வர்ல நாலஞ்சு பேர் ஒரே பேஸப் பாவிக்கிறீங்க எண்டா வண்டிட பேர குரூப்பில கட்டாயம் போடுங்க, ஏனெண்டா பூட்டியிருக்கேக்க எல்லா வண்டிட பெற்றரியும் ஒரே லிஸ்ட்ல வரும், வெறும் "பெற்றரி 1", "பெற்றரி 2" எண்டு கிடந்தா ஆர்ட எது எண்டு தேடிக் களைச்சுப் போவீங்க.

போகேக்க ஓட்டோவுக்கு மாத்திறத மறந்தா என்ன நடக்கும்? ரீசார்ஜ்ல இருக்கிற பெற்றரி ஆருக்கும் குடுக்காது எண்டு சொன்னன் தானே, அது தன்ர சொந்த வண்டிக்கும் குடுக்காது. பெற்றரி நிறைய நூறு வீதம் இருக்கும், கனெக்டரக் கழட்டின உடன வண்டி செத்துப் போகும். ரோவர் எண்டா பரவாயில்ல, அப்பிடியே நிக்கும், பேனலத் திறந்து மாத்திட்டு ஓடலாம். பறக்கிற வண்டி உயரத்தில பூட்டியிருந்தா கழட்டின அடுத்த செக்கனே கல்லு மாதிரி விழும், நீங்க மாத்திறதுக்குள்ள நிலம் வந்திடும்.

இதுக்கு நான் எல்லாருக்கும் சொல்லுறது ஒண்டு தான், வண்டில ஒரு பெற்றரிய எப்பவும் ஓட்டோல விடுங்க, குரூப்பில அதச் சேக்காதீங்க. அதுக்குப் பெரிய பெற்றரி வேணும் எண்டில்ல. சின்ன கிரிட்ல குட்டிப் பெற்றரி ஒண்டு இருக்கு, 0.05 மெகாவாட் அவர் தான் பிடிக்கும், ரோவருக்கு அது போதும். பறக்கிற வண்டிக்கு அது காணாது, அதால ஆகக்கூடினது 200 கிலோவாட் தான் குடுக்க ஏலும், த்ரஸ்டர் (வண்டியப் பறக்கத் தள்ளுற எஞ்சின்) அதவிட எத்தினையோ மடங்கு கேக்கும், ஆனபடியா பறக்கிறதுக்கு முழுப் பெற்றரி ஒண்ட ஓட்டோல விடுங்க.

2023ல வந்த ஓட்டோமேட்டன்ஸ் அப்டேட்டோட ஈவென்ட் கொன்ட்ரோலர் எண்டு ஒரு பிளாக் சேந்தது, இந்த வேலைக்கு எண்டே செய்த மாதிரி. கனெக்டர் பூட்டினா இதச் செய், கழட்டினா அதச் செய் எண்டு அதுக்குச் சொல்லி வைக்கலாம். பூட்டினா குரூப் ரீசார்ஜ், கழட்டினா குரூப் ஓட்டோ. நீங்க பி அமத்தினாக் காணும், மிச்சம் தானாவே நடக்கும். ஆனா அந்த பிளாக் வேலை செய்யவும் கரண்ட் வேணும். எல்லாப் பெற்றரியும் ரீசார்ஜ்ல இருந்து நீங்க கழட்டினா அந்த நேரம் வண்டில கரண்ட் இல்ல, கொன்ட்ரோலரும் செத்துப் போயிருக்கும், ஓட்டோவுக்கு மாத்த ஆள் இல்ல. அதால மேல சொன்ன அந்த ஓட்டோ பெற்றரி இதுக்கும் கட்டாயம். குட்டிப் பெற்றரி கொன்ட்ரோலர உயிரோட வச்சிருக்கப் போதும்.

இனி மிச்சம் இருக்கிறது பேஸ்ல கரண்ட் காணுமா எண்ட கேள்வி. மெகாவாட் எண்டா எவ்வளவு வேகமா கரண்ட் போகுது எண்டது, மெகாவாட் அவர் எண்டா மொத்தமா எவ்வளவு சேந்திருக்கு எண்டது. இந்த ரெண்டையும் குழப்பினா கணக்கு ஒருநாளும் சரி வராது. சின்ன கிரிட்ட முழுப் பெற்றரி 1 மெகாவாட் அவர் பிடிக்கும், 4 மெகாவாட் வரைக்கும் உள்ள வாங்கும். பேஸ்ட பெற்றரி 3 மெகாவாட் அவர் பிடிக்கும், 12 மெகாவாட் வரைக்கும் வெளிய விடும். சார்ஜ் ஏறேக்க 20 வீதம் வீணாகும், அதாவது 1 மெகாவாட் அவர் நிறைக்க 1.25 குடுக்கணும்.

ரோவர்ல ரெண்டு பெற்றரி, ரெண்டும் வெறுமை எண்டு வைப்பம். 2.5 மெகாவாட் அவர் வேணும். பேஸ்ல ரெண்டு டர்பைன், முழு வேகத்தில 800 கிலோவாட், வேற ஒண்டும் ஓடல்ல எண்டாலும் மூண்டு மணித்தியாலத்துக்கு மேல போகும். கேம்ல நேரம் உண்மையான நேரம் தான், குறுக்கு வழி இல்ல. ஆனா பேஸ்ல நிறைஞ்ச பெற்றரி ஒண்டு இருந்தா கதையே வேற, அது வேகமா விடும், வண்டி வேகமா வாங்கும், இருபது நிமிஷத்துக்குள்ள வேலை முடியும். நீங்க வெளிய போய் மண் தோண்டுற நேரம் முழுக்க டர்பைன் பேஸ்ட பெற்றரிய நிறைக்கட்டும், வந்து பூட்டினதும் அது வண்டிக்குப் போகட்டும். ரெண்டு தரம் ஏத்தி இறக்கிறதால கொஞ்சம் கூட வீணாகும், 100க்கு 64 தான் வண்டிக்கு வந்து சேரும், அப்பிடி இருந்தாலும் நேரம் மிச்சம். பேஸ்ட ஒரு முழுப் பெற்றரி வண்டிக்கு 2.4 மெகாவாட் அவர் நிறைக்கும், ரெண்டு பெற்றரி ரோவர் ஒண்டுக்கு அது தாராளம். மூண்டு வண்டி வச்சிருந்தா பேஸ்ல மூண்டு பெற்றரி எண்டு யோசிங்க.

டர்பைன் வைக்கேக்க வெட்டையான இடமாப் பாத்து, உயரமா, ஒண்டுக்கொண்டு தள்ளி வைங்க, சுவருக்கும் மலைக்கும் கிட்ட வச்சா 400ல பாதி கூட வராது. நம்மட ஊர் மாதிரி கச்சான் காத்து ஒரு காலம், வாடைக் காத்து ஒரு காலம் எண்டு அங்க இல்ல, காத்து எப்பவும் இருக்கும், மழை புயல் வந்தா இன்னும் கூடும். ஆனா சந்திரனுக்குப் போனா வளி இல்ல, டர்பைன் சும்மா நிக்கும், அங்க சோலார் தான். பெரிய சோலார் பேனல் ஒண்டு சூரியனுக்கு நேரா இருந்தா 160 கிலோவாட் தரும். சம்பூர்ல 120 மெகாவாட் சோலார் திட்டத்துக்கு 2025 ஏப்ரல்ல வேலை தொடக்கி வச்சாங்க தானே, முந்தி நிலக்கரி வரும் எண்டு பேசி 2016ல கைவிட்ட அதே சம்பூர், அந்த 120 மெகாவாட்ட கேம்ட பேனலாப் போட்டா 750 பேனல். ரோவர் ஒண்டுக்கு அவ்வளவு வேணாம், பத்துப் பேனல் போட்டாலே 1.6 மெகாவாட், ஆனா கேம்ல ஒரு நாள் வழமையா ரெண்டு மணித்தியாலம், அதில அரைவாசி இருட்டு, பேனல அசையாம வச்சா வெயில் நேரத்திலயும் முழுசா வராது.

வண்டிக்கு மேலேயே சோலார் பேனல் போட்டா பேஸே தேவையில்லையே எண்டு யோசிப்பீங்க. சின்ன கிரிட் பேனல் ஆகக்கூடினது 40 கிலோவாட். ஒரு பெற்றரி நிறைய முப்பத்தொரு மணித்தியாலம், அதுவும் சூரியன் அசையாம நேரா நிண்டா. நடுவழில சார்ஜ் முடிஞ்சு நிண்டா பேஸுக்கு ஊந்து வந்து சேரலாம், அதுக்காக ஒண்டு போட்டு வைக்கிறது நல்லம், நாளாந்தப் பாவனைக்கு அது சரிவராது.

ஹைட்ரஜன்ல பறக்கிற வண்டி கட்டத் தொடங்கினா இதே யோசனை தான் திரும்ப வரும், பெற்றரிக்குப் பதிலா ஹைட்ரஜன் டேங்க். டேங்க்ல ஸ்டொக்பைல் எண்டு ஒரு ஓன்/ஓஃப் இருக்கு, அது ஓனா இருந்தா வாங்கும், ஆனா குடுக்காது. வண்டிட டேங்க்ல அத ஓன் பண்ணிப் பூட்டினா பேஸ்ட டேங்க்ல இருந்து நிறையும், கனெக்டர்ல இருந்து டேங்க் வரைக்கும் கன்வேயர் தொடர்ச்சியா இருக்கணும். கழட்ட முதல் ஓஃப் பண்ணுங்க, இல்லாட்டி டேங்க் நிறைய இருந்தும் த்ரஸ்டருக்கு ஒரு சொட்டும் போகாது.